‘லண்டன் ரிவர்’: துக்கம் செய்வதும் செய்யாததும்

ரஷீத் பூஷரெப்பின் ‘லண்டன் ரிவர்’ (2009) படத்தைச் சென்ற மாதம் நண்பர் ஒருவரின் மாடி அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்தோம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. இருவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் சொன்னார்: “துக்கம் எல்லோரையும் ஒன்றாக்கிவிடுகிறது.” மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் அந்த வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. பார்த்த படத்துக்கும் அந்த வாக்கியத்துக்கும் சம்பந்தமில்லை என்று பட்டது. இதைவிட மோசமான ஒரு படத்துக்குப் பொருந்தக்கூடிய வாக்கியம் அது. நல்ல படம் ஒன்றைப் பார்த்த கையோடு அதை ஏன் சொல்லிக்கொண்டோம், ஏன் அத்தனை பேரும் ஏற்றுக்கொண்டோம் என்பதை யோசித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

முதலில் படத்தின் விவரங்கள். 2005 ஜூலை 7 காலை லண்டனில் மூன்று பாதாள ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டுகள் வெடித்தன. குண்டுகளைச் சுமந்து வந்த நால்வரைத் தவிர 52 பேர் செத்தார்கள். பஸ் வெடித்த இடம் டாவிஸ்டாக் சதுக்கம். ஆங்கில இலக்கியம் படித்த என் போன்றவனுக்கு டிக்கன்ஸும் வர்ஜீனியா வுல்ஃபும் குடியிருந்த இடமாகவே அந்தப் பெயர் பரிச்சயம். 1968 முதல் அங்கே ஒரு காந்தி சிலையும் இருக்கிறது. சாமர்த்தியமான டைரக்டர் ஒருவன் அந்தச் சிலையை விட்டிருக்க மாட்டான். உடைந்து கிடக்கும் பஸ்ஸையும் காந்தியையும் ஒரே ஷாட்டில் காட்டி நம் நெஞ்சைப் பிழிந்திருப்பான். பூஷரெப் இப்படி எதுவும் செய்வதில்லை. குண்டு வெடிப்பதை அவர் காட்டுவதே இல்லை. கெர்ன்ஸித் தீவில் சிறு பண்ணை ஒன்றைத் தனியாக நடத்தும் எலிசபெத் அதை டி.வி.யில் பார்க்கிறாள். உடனே லண்டனில் இருக்கும் மகள் ஜேனுக்குப் போன் செய்கிறாள். பதிவு செய்யப்பட்ட குரல்தான் பேசுகிறது. செய்தி சொல்லி வைக்கிறாள். மறுபடி செய்கிறாள். மறுபடி அதே குரல்.

பிரான்சில் காட்டு இலாகா வேலையில், எல்ம் மரங்களைப் பராமரித்துக்கொண்டிருக்கும் ஆப்பிரிக்க முஸ்லிம் கிழவர் உஸ்மானும் லண்டனுக்கு வருகிறார். மகன் அலியைத் தேடிப் பார்க்கும்படி ஆப்பிரிக்காவிலிருந்து அவனுடைய தாய் கேட்டிருக்கிறாள். அலி சின்னப் பையனாக இருந்தபோது விட்டுவிட்டு வந்தவர் அவர். இன்று எதிரே வந்தால் முகம் தெரியாது. வடக்கு லண்டனில் ஒரு ஹலால் கறிக்கடைக்கு மேலே இருக்கும் சிறு ஜாகையில் ஜேனும் அலியும் ஒன்றாக வாழ்ந்திருக்கிறார்கள் என்பது இந்த இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வருகிறது. கடைசியில் இருவரும் அந்த பஸ்ஸில் இருந்தார்கள் என்பதும் தெரிய வருகிறது. கதை இவ்வளவுதான்.

துக்கம் ஒன்றாக்குகிறது என்ற வாக்கியத்தைப் படத்தின் முதல் பாதியே பொய்யாக்கிவிடுகிறது. பயம் ஏற ஏற எலிசபெத்தின் துவேஷமும் ஏறுகிறது. கெர்ன்ஸியில் மாதாகோவிலுக்குப் போய் வந்துகொண்டு, நாய்களோடும் காய்கறிப் பாத்திகளோடும் இருந்தவரை அவளுக்கு யார் மீதும் வெறுப்பு இருக்கவில்லை. இருக்க வேண்டிய அவசியம் நேரவில்லை என்பதே சரி. மகளின் தெருவுக்கு வந்து நின்றதும் கடைப் பலகைகளும் முக்காடுகளும் அவளை மிரட்டுகின்றன. இடம் முழுக்க முஸ்லிம்கள் மொய்க்கிறார்கள் என்கிற தொனியில் தன் சகோதரனிடம் போனில் சொல்கிறாள். மகள் மசூதியில் அரபி படித்தாள் என்று கேள்விப்படும்போது அவளுக்கு வருவது அதிர்ச்சியைவிட அருவருப்பு. அந்த வகுப்பில் எடுத்த போட்டோவோடு உஸ்மான் அவளைத் தேடி வருகிறார். அவளுக்கு இதுவரை கிடைத்த ஒரே தடயம் அது. அவள் செய்வது போலீசுக்குச் சொல்வது. அவரைக் கூட்டிப்போய் விசாரிக்கிறார்கள். அவர் பதில் சொல்லிவிட்டு வருகிறார்.

இந்தக் காட்சியில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. எலிசபெத் அவரைத் திட்டவில்லை, கதவை அறையவில்லை. ஒரு பொறுப்புள்ள பிரஜை செய்ய வேண்டியதைச் செய்கிறாள். போலீசும் அப்படியே. நம் படங்களில் துவேஷம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு மீசையை முறுக்கியபடி வரும். நடைமுறையில் அது முறைப்படி, விதிகளுக்கு உட்பட்டு, சற்றே அதிகமான ஜாக்கிரதையாக வருகிறது. இதைப் பூஷரெப் பார்த்திருக்கிறார். பிளெதின் இதைத் தன் உடம்பால் காட்டுகிறார். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வதிலும், பேசும்போது எதிரே இருப்பவரின் முகத்துக்குச் சற்றுத் தள்ளி எங்கோ பார்ப்பதிலும் இருக்கிறது அது.

இதை நான் அடையாளம் கண்டுகொண்டதற்குக் காரணம் உண்டு. நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. இறந்துபோனவர்களின் கணக்குகளை முடித்து நாமினியிடம் பணம் சேர்ப்பது இரண்டு வருஷமாக என் மேஜை. கறுப்பு புர்க்கா அணிந்த ஒரு வயதான அம்மாள் புருஷனின் பாஸ்புக்கோடு வந்தார். நாமினி அவர்தான். காகிதங்கள் சரியாக இருந்தன. இறப்புச் சான்றிதழில் புருஷனின் பெயரில் மட்டும் ஒரு எழுத்து மாறியிருந்தது. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது நாள் தவறாமல் நேரும் பிழை அது. மற்றவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அவரிடம், சான்றிதழைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்றேன். “சரி தம்பி” என்று போனார். ஒன்பது நாள் கழித்துத் திருத்திக்கொண்டு வந்தார். விதிப்படி நான் செய்ததில் குறை காண முடியாது. ஆடிட்டர் என்னைப் பாராட்டக்கூடும். ஏன் அவரிடம் மட்டும் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை, இந்தப் படத்தைப் பார்க்கும்வரை.

என் தகப்பனார் இறந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவருடைய கணக்கை முடிக்க என் தாயார் வேறொரு கிளையில் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். துக்கம் மனிதனை இளக்கும் என்றால் என்னை இளக்கியிருக்க வேண்டும். அது என்னை என் வீட்டுக்குள் இன்னும் கெட்டியாகத் தாழிட்டது. என் தாயாரின் காத்திருப்பு எனக்கு ஈடு இணையற்றதாக இருந்தது. இன்னொருவரின் காத்திருப்பு ஒரு ஃபைல். துக்கம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு நேர்ந்ததைப் போல யாருக்கும் நேர்ந்ததில்லை என்பதே அதன் முதல் வாக்கியம்.

அப்படியானால் எலிசபெத் மாறுவது எதனால்? உஸ்மானின் நற்குணத்தைக் கண்டு என்று சொல்வது சுலபம். படம் அதற்கு இடம் கொடுக்கவும் செய்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் படத்தின் உள்ளோட்டம் வேறு. மகளின் அறையில் நிற்க நிற்க, தன் மகளைத் தனக்குத் தெரியாது என்பது எலிசபெத்துக்கு விளங்குகிறது. யாரோடு வாழ்ந்தாள், என்ன படித்தாள், எந்த பாஷையில் யாருக்கு வணக்கம் சொல்லப் பழகினாள், எதுவும் தெரியாது. பெற்று வளர்த்தவள் என்ற அதிகாரம் அந்த ஒற்றை அறையில் கரைந்துபோகிறது. அந்நியரான கிழவரைச் சந்தேகிக்க அவளுக்கு இருந்த ஒரே பலம், நான் என் மகளை அறிவேன், அவள் இப்படிப்பட்டவள் அல்ல என்ற நம்பிக்கை. அது போனதும் சந்தேகத்துக்கு நிற்க இடமில்லை.

உஸ்மானுக்கு இந்த அதிகாரம் ஆரம்பத்திலிருந்தே இல்லை. மகனைத் தெரியாது என்பதை அவர் ஒப்புக்கொண்டுதான் வருகிறார். இதைவிடக் கொடிய ஒன்றும் அவர் மனசில் இருக்கிறது: காணாமல்போன மகன் செத்தவர்களில் ஒருவனா, குண்டு வைத்தவர்களில் ஒருவனா? எலிசபெத் வெளியிலிருந்து எழுப்பும் சந்தேகத்தை அந்தத் தகப்பன் உள்ளே சுமந்துகொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நடக்கிறார். துவேஷம் அதற்கு ஆளானவனின் மனசுக்குள்ளும் போய் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையையே சந்தேகப்பட வைக்கிறது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன வேறு படத்தை நான் பார்த்ததில்லை. ஆக, இருவரையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவருவது துக்கம் அல்ல, அறியாமை. தங்கள் பிள்ளைகளைப் பற்றி இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

படத்தில் அவர்கள் மிக நெருங்கி வரும் தருணமும் துக்கத்தில் நேர்வதில்லை. ஜேனும் அலியும் பாரிஸ் போக யூரோஸ்டார் ரயிலில் ஜூலை 7-ம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள் என்று தெரிகிறது. அப்படியானால் பிள்ளைகள் பிரான்சில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்! சில மணி நேரத்துக்கு அந்த இருவரும் எதிர்காலம் உள்ளவர்களாகிறார்கள். அந்தச் சில மணி நேரத்தில் அவர்களுக்கிடையே ஒரு உறவு இருக்கிறது. அவர்கள் பேசிக்கொள்ளும் பிரெஞ்சிலும் சரி, எலிசபெத்தின் ஆங்கிலத்திலும் சரி, அந்த உறவைக் குறிக்க அன்றாடப் புழக்கத்தில் ஒரு சொல் இல்லை. தமிழில் இருக்கிறது: சம்பந்தி.

படம் பார்க்கும்போது இந்தச் சொல் எனக்குத் தானாக வந்தது. வந்ததும் பெருமையாக இருந்தது. நம்மிடம் சொல் இருக்கிறதே என்று. சற்று யோசித்தால் பெருமைப்பட எதுவும் இல்லை. இந்தச் சொல்லை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்பதில் நாம் காட்டும் ஜாக்கிரதையை வேறு எந்தச் சொல்லிலும் காட்டியதில்லை. சாவு வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். மாலை போடலாம், அழலாம், கட்டிக்கொள்ளலாம். துக்கம் விசாரிக்க வந்தவனின் ஜாதியை நாம் கேட்பதில்லை. அவனைச் சம்பந்தி என்று அழைக்க நேரும் என்றால் கேட்போம். இது தெரிந்த ஒருவன், துக்கம் எல்லோரையும் ஒன்றாக்குகிறது என்ற வாக்கியத்துக்கு எப்படித் தலையாட்ட முடியும்?

பூஷரெப்போடு எனக்கு உள்ள சண்டையும் இங்கேதான். அவர் பிள்ளைகளைக் கொன்றுவிடுகிறார். சரித்திரம் கொன்றது, அவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். சரித்திரத்தில் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். ஜேனும் அலியும் பாரிசிலிருந்து கைகோர்த்துக்கொண்டு திரும்பி வந்திருந்தால் எலிசபெத் என்ன செய்திருப்பாள்? கெர்ன்ஸி மாதாகோவிலில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லியிருப்பாள்? பேரனுக்கு என்ன பெயர்? படம் இந்தக் கேள்விகளின் வாசல்வரை நம்மை அழைத்து வந்து, மரணத்தைக் காட்டிக் கதவைச் சாத்துகிறது. செத்தவர்கள் மேல் நின்று கைகுலுக்குவதற்கு விலை அதிகமில்லை.

1967-ல் வந்த ஸ்டான்லி கிராமரின் ‘கெஸ் ஹூ ஈஸ் கமிங் டு டின்னர்’ இதே இக்கட்டை வேறு விதமாகத் தட்டிக் கழித்தது. அந்த வருஷம் ஜூனில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கறுப்பர் வெள்ளையர் கலப்பு மணத்தைத் தடைசெய்யும் மாகாணச் சட்டங்களைச் செல்லாது என்றது. டிசம்பரில் படம் வந்தது. கிராமர் பிள்ளைகளை உயிரோடு விட்டுவைத்தார். பதிலாக, சிட்னி பாய்ட்டியேயின் பாத்திரத்தைக் குற்றம் குறையே இல்லாத உலகப் புகழ் டாக்டராக்கினார். பெண்ணின் பெற்றோர் சம்மதிக்காவிட்டால் விலகிக்கொள்கிறேன் என்று வேறு சொல்லவைத்தார். சாதாரணக் கறுப்பன், முன்கோபக்காரன், பரீட்சையில் தோற்றவன் அந்த வாசலில் நின்றிருந்தால் படமே இல்லை.

உஸ்மானிடமும் இந்தக் கோளாறு இருக்கிறது. சோத்திகி குயாத்தேயின் நடிப்பு அதை மறைக்கிறது. மாலியின் பமாகோவில் 1936-ல் பிறந்த குயாத்தே, மேற்கு ஆப்பிரிக்கக் கிரியோக்களின் வம்சம். வம்ச சரித்திரத்தையும் பாட்டையும் பரம்பரையாகக் காத்துவரும் குலம் அது. நம் பாணர்களை நினைத்துக்கொள்ளலாம். நமக்கு அவரை இன்னொரு விதத்திலும் தெரியும். பீட்டர் புரூக்கின் ‘மகாபாரத’த்தில் (மேடையில் 1985, படமாக 1989) பீஷ்மராக வந்தவர் அவர். ‘லண்டன் ரிவர்’ நடிப்புக்காக 2009 பெர்லின் விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. அடுத்த வருஷம் காலமானார். அந்த நெடிய மெலிந்த உடம்பு, தோளில் விழும் சடை, ஊன்றுகோல், ஒவ்வொரு அடிக்கும் தரையிடம் அனுமதி கேட்பது போன்ற நடை. அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது திரை முழுவதும் நிறைந்துவிடுகிறது. மகத்தான நடிகர். ஆனால் பாத்திரம்? போலீஸ் விசாரித்துவிட்டு அனுப்பிய பிறகும் அந்த மனிதருக்குக் கோபம் வருவதில்லை. தன்னைக் காட்டிக் கொடுத்தவளிடம் ஒரு கடிந்த சொல் இல்லை. பெற்ற பிள்ளையைக் கைவிட்டவர் என்ற ஒரு குறை இருக்கிறது. அதுவும் கம்பீரமான மௌனமாகிவிடுகிறது. மாற வேண்டியவள் அவள் மட்டும்தான், அவள் மாறும்வரை மரம்போல் நின்று பொறுத்துக்கொள்வது அவர் கடமை என்று படம் எண்ணுகிறது. ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு மகானாக இருந்தே தீர வேண்டும் என்பதும் துவேஷத்தின் இன்னொரு ஷரத்துதான். கீழே கறிக்கடை நடத்தும் வீட்டுக்காரன் இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் பிடித்தான். அவனுக்கு வியாபாரம் இருக்கிறது, நாலு வேலை இருக்கிறது, முடிந்ததைச் செய்கிறான். அவன் மகான் அல்ல. அவனோடு எலிசபெத்துக்கு ஒரு முழுக் காட்சி வேண்டும் என்று ஏங்கினேன்.

பீஷ்மர் நினைவுக்கு வந்ததால் ஸ்திரீ பர்வமும் வருகிறது. யுத்தம் முடிந்து இரு பக்கத்துப் பெண்களும் களத்தில் தங்கள் பிணங்களைத் தேடுகிறார்கள். பகிர்ந்துகொண்ட துக்கம் என்றால் இதைவிடப் பெரியது இல்லை. அங்கே சமாதானமா பிறக்கிறது? காந்தாரி கிருஷ்ணனைச் சபிக்கிறாள். இறந்தவர்களுக்கு நீர் வார்க்கும்போதுதான் கர்ணன் உங்கள் அண்ணன் என்று குந்தி சொல்கிறாள். தர்மனுக்கு வருவது ஆறுதல் அல்ல, தாங்க முடியாத ஆத்திரம். உயிரோடு இருந்தபோது சொல்லாத உறவைச் செத்த பிறகு சொல்வதில் உள்ள அநியாயத்தை வியாசன் அறிந்திருக்கிறான். எலிசபெத்துக்கும் உஸ்மானுக்கும் தங்கள் உறவு தெரிய வந்ததும் இதுபோல் காலம் கடந்துதான். அந்த ஆத்திரம் படத்தில் இல்லை. அது இருந்திருந்தால் நம்மில் இருவர் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் இதை நல்ல படம் என்றே சொல்வேன். முடிவில் அந்த இருவரையும் டைரக்டர் சேர்த்து வைக்கவில்லை. ஒரே வீட்டில் குடியேற்றவில்லை, கடிதம் எழுதிக்கொள்ள வைக்கவில்லை. அவள் தன் பண்ணைக்கும் மண்ணுக்கும் திரும்புகிறாள். அவர் தன் எல்ம் மரங்களுக்குத் திரும்புகிறார். ஐரோப்பாவின் எல்ம்களில் பெரும்பகுதியைச் சென்ற நூற்றாண்டில் ஒரு பூஞ்சை நோய் அழித்துவிட்டது. அவர் காப்பது மிச்சத்தை. துக்கம் அவர்களை ஒன்றாக்கிவிட்டது என்று படம் எங்கும் சொல்லவில்லை. அதைச் சொன்னது நாங்கள்.

ஏன் சொன்னோம் என்பதற்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அந்த வாக்கியம் நாம் செய்ய வேண்டியதை மரணத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. எல்லோரும் அழும் நாள் வரும், அன்றைக்கு எல்லாம் சரியாகிவிடும். அதுவரை எழுத்துப் பிழைகளைத் திருத்தி வரச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அன்று அந்த மாடி அறையில் இருந்த எட்டுப் பேரின் பெயர்களையும் வரிசையாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எட்டும் ஒரே மாதிரிப் பெயர்கள். இத்தனை வருஷமாகச் சேர்ந்து படம் பார்க்கிறோம், பத்திரிகை நடத்துகிறோம், ஒருவருக்கொருவர் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போகிறோம். இது எனக்கு முதல் முறையாகக் கண்ணில் பட்டது.

திருத்திய சான்றிதழோடு அந்த அம்மாள் வந்த அன்று, பணம் கணக்கில் ஏறியதும் பாஸ்புக்கைப் பதிந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “ரொம்ப உபகாரம் தம்பி” என்றார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.